எந்த அங்குலம், எந்தப் பூஜ்யம்? பழைய அழுத்த அளவுகளைப் பாஸ்கலுக்கு மாற்றுவது

நீங்கள் கேட்டது இதுதான்: கையில் ஒரு கட்டுப் பழைய காகிதம் இருக்கிறது. ஒரு பாரோமீட்டர் குறிப்பேட்டின் நகல், ஒரு கொதிகலன் சோதனை அறிக்கை, ஒரு வெற்றிட பம்பின் கையேடு, எஃகின் வலிமை பற்றிச் சில பக்கங்கள், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு தனித்தாள். எல்லாவற்றையும் பாஸ்கலுக்கு மாற்றி ஒரே அட்டவணையில் ஏற்ற வேண்டும். ஆனால் 'பாதரச அங்குலம்' (ஓர் அங்குல உயரப் பாதரசத் தூண் தரும் அழுத்தம்) என்ற ஒரே அலகுக்கு ஓரிடத்தில் 3386.389 பாஸ்கல், இன்னோரிடத்தில் 3386.38, வேறோரிடத்தில் 3376.85 என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது, எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் உண்டா?

மூன்றுமே சரி. முதலாவது, பாதரசத்தின் அடர்த்தியை இவ்வளவு என்று பொதுவாக ஒத்துக்கொண்டு போட்ட கணக்கு. இரண்டாவது, பாதரசம் 0 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது. மூன்றாவது, 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும்போது. சூடானால் பாதரசம் விரியும், அடர்த்தி குறையும், அதே ஓர் அங்குல உயரம் கொஞ்சம் குறைவாக அழுத்தும். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் மறந்துவிடலாம். மூன்றாவதற்கும் முதலாவதற்கும் உள்ள 0.3 சதவீதத்தை மறக்க முடியாது.

பட்டியல் கேட்டீர்கள், தருகிறேன். ஆனால் பெருக்குவது இதில் சின்ன வேலை. அந்தத் தாளை எழுதியவர் எந்த அங்குலத்தில், எந்தச் சூட்டில், எந்தப் பூஜ்யத்திலிருந்து அளந்தார் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அளவுமானிகளைச் சரிபார்க்கும் தொழிலில் பல வருடம் இருந்தவன் நான். தப்பான பெருக்கலால் வந்த பிழையை விட, சரியான பெருக்கலைத் தப்பான அளவின் மேல் செய்ததால் வந்த பிழையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் சண்டை இல்லாத எண்களை முடித்துவிடலாம். பாஸ்கல் என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஒரு நியூட்டன் விசை. இந்தப் பெயர் 1971இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. மிகச் சிறிய அளவு இது. சதுர மீட்டருக்கு 80 கிராம் ரகத்து அச்சுத்தாள் ஒன்றை மேசைமேல் வைத்தால், அது தன் எடையால் மேசையை அழுத்துவது ஏறக்குறைய 0.8 பாஸ்கல். அதனால்தான் நடைமுறையில் ஹெக்டோ, கிலோ, மெகா என்று முன்னொட்டு இல்லாமல் இதைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. ஒரு பார் சரியாக 1,00,000 பாஸ்கல். ஒரு மில்லிபாரும் ஒரு ஹெக்டோபாஸ்கலும் ஒன்றே, பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியது. எனவே பழைய வானிலை வரைபடத்தில் 1008 மில்லிபார் என்று இருந்தால் அப்படியே 1008 ஹெக்டோபாஸ்கல் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு, அதாவது ஒரு பி.எஸ்.ஐ., 6894.757 பாஸ்கல். பவுண்டும் அங்குலமும் 1959இல் மெட்ரிக் அளவோடு துல்லியமாகக் கட்டப்பட்டுவிட்டதால் இதில் தகராறு கிடையாது. சதுர அடிக்கு ஒரு பவுண்டு 47.88 பாஸ்கல். பழைய சென்டிமீட்டர்-கிராம்-விநாடி முறையின் அலகு, ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஒரு டைன் விசை, 0.1 பாஸ்கல். பிரான்சில் சில பத்தாண்டுகள் சட்டபூர்வமாக இருந்த 'பியெஸ்' என்ற அலகைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், அது நேராக ஒரு கிலோபாஸ்கல்.

அடுத்து 'அட்மாஸ்ஃபியர்'. இங்கேதான் ஒன்றுபோலத் தோன்றும் மூவர் வருகிறார்கள். திட்ட வளிமண்டலம் 1,01,325 பாஸ்கல், 1954இல் இப்படி நிர்ணயித்தார்கள். தொழில்நுட்ப வளிமண்டலம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் எடை, 98,066.5 பாஸ்கல். இரண்டுக்கும் நடுவில் பார், 1,00,000. மூன்றையும் தொழிற்கூடங்களில் 'ஒரு கிலோ', 'ஒரு பார்', 'ஒரு அட்மாஸ்ஃபியர்' என்று மாற்றி மாற்றிச் சொல்வார்கள். டயர், தண்ணீர்க் குழாய் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். கீழே உள்ளதற்கும் மேலே உள்ளதற்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்பதால், ஆய்வுக்கூட அறிக்கை என்றால் விடக்கூடாது. 19ஆம் நூற்றாண்டு, 20ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பொறியியல் தாள்களில் வெறும் 'அட்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது கிலோகிராம் கணக்குதான். வேதியியல் தாள் என்றால் பெரும்பாலும் 760 மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு. எழுதியவர் எந்தத் துறைக்காரர் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வேதியியல் என்றதும் ஒரு கொசுறு. 0 டிகிரியில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு 22.414 லிட்டர் என்று ஒரு புத்தகமும் 22.711 என்று இன்னொரு புத்தகமும் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். 1982இல் வேதியியலாளர்களின் சர்வதேச அமைப்பு திட்ட அழுத்தத்தை ஒரு அட்மாஸ்ஃபியரிலிருந்து ஒரு பாருக்கு மாற்றியது. புத்தகங்கள் ஒரே நாளில் மாறவில்லை. தண்ணீரின் கொதிநிலையும் அதே கணக்கில் ஒரு பாரில் 99.6 டிகிரி.

இனி பாதரசத்துக்கு வருவோம். டாரிசெல்லி 1640களில் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்த நாளிலிருந்து, ஏறக்குறைய 300 வருடம் அழுத்தம் என்றால் ஒரு நீளம்தான். 1648 செப்டம்பரில், அலகுக்குப் பெயர் தந்த அந்தப் பாஸ்கலின் மைத்துனர் ஃப்ளோரேன் பெரியே அந்தக் குழாயை புய் த டோம் மலைமேல் தூக்கிக்கொண்டு போய், மேலே போகப்போகப் பாதரசம் இறங்குகிறது என்று காட்டினார். அன்றும் எழுதி வைத்தது அங்குலமும், அங்குலத்தின் சிறு பகுப்பான கோடும்தான். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அழுத்தம் நீளம் அல்ல. ஒரு பாதரசத் தூண் எவ்வளவு அழுத்துகிறது என்பது அதன் உயரம், அடர்த்தி, அந்த இடத்தின் புவியீர்ப்பு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவது. போட்டுப் பாருங்கள்: 0.76 மீட்டர், கன மீட்டருக்கு 13,595.1 கிலோகிராம், 9.80665. பெருக்கினால் 1,01,325.01. நமது திட்ட வளிமண்டலம் வந்துவிட்டது. ஆகவே ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 133.322 பாஸ்கல். இதன் உடன்பிறப்பு 'டார்', டாரிசெல்லியின் பெயரால் வந்தது, திட்ட வளிமண்டலத்தில் 760இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 70 லட்சத்தில் ஒரு பங்குதான். யாராவது இதைப் பற்றி உங்களிடம் வாதாட வந்தால் நேரத்தை வீணாக்காதீர்கள்.

உங்கள் குறிப்பேட்டுக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ருசி. நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய வரிசை இப்படிப் போகிறது: 27.9, 27.10, 27.11, 28.0, 28.1, 28.0, 27.11. இதை அப்படியே அட்டவணையில் ஏற்றினால் கணினி அதைத் தசமமாக எடுத்துக்கொள்ளும். 27.10ஐ 27.1 என்று சுருக்கிக்கொள்ளும், 27.11ஐ 27.9க்குக் கீழே தள்ளிவிடும். ஆனால் வரிசையைக் கண்ணால் பாருங்கள். 27.9இலிருந்து படிப்படியாக ஏறி, 27.11க்கு அடுத்து 28.0. நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்திலும் புள்ளிக்குப் பின்னால் 11க்கு மேல் ஓர் எண்கூட இல்லை. அது தசமப்புள்ளியே இல்லை. 27 அங்குலம் 11 கோடு. அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு கோடு.

சரி, எந்த அங்குலம்? ஆங்கில அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பது நமக்குப் பழக்கம். ஆனால் பழைய ஐரோப்பாவில் அங்குலம் ஊருக்கு ஊர் வேறு. பாரிஸ் அங்குலம் 27.07 மில்லிமீட்டர், ரைன்லாந்து அங்குலம் 26.15, சுவீடனில் அடியைப் பத்தாகப் பகுத்த அங்குலம் 29.69. இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. கடல் மட்டத்தை ஒட்டிய எந்த ஊரிலும் பாரோமீட்டர் சராசரியாக 760 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் ஆடும். அது ஆங்கில அங்குலத்தில் 30ஐ ஒட்டி வரும், ரைன்லாந்தில் 29, பாரிஸில் 28, சுவீடனில் 25.6. எனவே ஒரு மாதக் குறிப்புகளின் சராசரியைப் பார்த்தால் குறிப்பேடு தன் அங்குலத்தைத் தானே சொல்லிவிடும். உங்களுடையது 28ஐச் சுற்றி ஆடுகிறது, கோட்டுக் கணக்கும் இருக்கிறது. பாரிஸ் அங்குலம்தான்.

இப்போது 27.11 என்ற ஒரே பதிவை மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள். ஆங்கிலத் தசம அங்குலம் என்று எடுத்தால் 918 ஹெக்டோபாஸ்கல். அது பெரும் சூறாவளியின் நட்ட நடுவில் வரும் எண். பார்த்தவுடன் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். பாரிஸ் அங்குலம், ஆனால் தசமம் என்று எடுத்தால் 978. இதுதான் ஆபத்து, ஏனென்றால் நல்ல புயல் நாளில் அப்படி ஒரு எண் வரத்தான் செய்யும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். 27 அங்குலம் 11 கோடு என்று சரியாகப் படித்தால், 27.917ஐ 27.07ஆல் பெருக்கி 755.7 மில்லிமீட்டர், அதாவது 1007.5 ஹெக்டோபாஸ்கல். சாதாரணமான ஒரு நாள். தப்பாகப் படித்தால் இல்லாத புயல் ஒன்று வரலாற்றில் ஏறிவிடும்.

இன்னும் முடியவில்லை. பக்கத்துப் பத்தியில் 14, 15, 16 என்று எண்கள் இருக்கின்றன அல்லவா? அது பாரோமீட்டரோடு ஒட்டிய வெப்பமானி. தலைப்பில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அது ரியோமர் அளவு. அதில் தண்ணீர் கொதிப்பது 80இல். 1.25ஆல் பெருக்கினால் செல்சியஸ். 16 ரியோமர் என்றால் 20 டிகிரி செல்சியஸ். இந்தச் சூட்டில் பாதரசம் விரிந்து தூண் உயர்ந்து நிற்கும், பித்தளை அளவுகோலும் கொஞ்சம் நீண்டிருக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் ஒரு டிகிரிக்கு நீளத்தில் 0.000163 பங்கு குறைக்க வேண்டும். 760 மில்லிமீட்டருக்கு 20 டிகிரியில் இது சுமார் 2.5 மில்லிமீட்டர், 3.3 ஹெக்டோபாஸ்கல். அளவுகோல் மரத்தில் என்றால் மரம் அவ்வளவு விரியாது, டிகிரிக்கு 0.00018 என்று குறைக்க வேண்டும். எழுதியவரே இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டுத்தான் எழுதினாரா என்பதையும் பாருங்கள். பக்கத்தில் வெப்பமானி எண் இருந்தால் பெரும்பாலும் செய்திருக்க மாட்டார். செய்தவருக்கு அந்த எண்ணை எழுதி வைக்க அவ்வளவு அவசியம் இல்லை.

புவியீர்ப்பும் உண்டு. நமது மாற்று எண்கள் எல்லாம் 9.80665 என்ற திட்ட மதிப்பை வைத்து வந்தவை, 1901இல் ஏற்றுக்கொண்டது. பூமத்திய ரேகையில் உண்மையான மதிப்பு 9.78, துருவத்தில் 9.83. பாரிஸை ஒட்டிய ஊர் என்றால் திருத்தம் 0.2 மில்லிமீட்டர், விட்டுவிடலாம். பூமத்திய ரேகையில் எடுத்த குறிப்பு என்றால் 760க்கு 2 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும்.

ஆங்கிலேயரின் பாரோமீட்டரில் ஒரு வேடிக்கை. பாதரசத்துக்கு அவர்கள் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள், பித்தளை அளவுகோலுக்கோ 62 டிகிரியை. விளைவு, திருத்தம் பூஜ்யமாவது 32இலும் இல்லை, 62இலும் இல்லை, சுமார் 28.5இல். பழைய ஆங்கிலத் திருத்தப் பட்டியலில் இந்த எண்ணைப் பார்த்து அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

தண்ணீர்த் தூண் கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் 9.80665 பாஸ்கல், ஓர் அங்குலம் 249 பாஸ்கல். புகைபோக்கி இழுவை, காற்றாடி அழுத்தம் எல்லாம் இதில்தான் வரும். தண்ணீரின் சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அறை வெப்பத்தில் வித்தியாசம் 0.2 சதவீதம்தான், அந்தக் கருவிகளும் அதைவிடத் துல்லியமானவை அல்ல.

அப்புறம் பூஜ்யம். கொதிகலன் அறிக்கையில் '60 பவுண்டு' என்று போட்டிருக்கிறது என்றீர்கள். அது சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு, அதுவும் டயலில் தெரிந்த எண், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 60. பெருக்கினால் 414 கிலோபாஸ்கல். ஆனால் நீராவி அட்டவணையைத் திறந்து அந்த நீராவியின் வெப்பநிலையைத் தேடப் போகிறீர்கள் என்றால், வெளிக்காற்றின் 101 கிலோபாஸ்கலையும் கூட்டி 515 என்று தேட வேண்டும். பழைய ஜெர்மன் டயல்கள் இந்த விஷயத்தில் ஒழுங்கானவை. 'அட்' என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் 'ஏ' இருந்தால் முழு வெற்றிடத்திலிருந்து அளந்தது, தலைமேல் இரண்டு புள்ளி வைத்த 'யூ' இருந்தால் வெளிக்காற்றுக்கு மேல் அளந்தது. '10 அட்-யூ' என்றால் டயல் கணக்கில் 9.81 பார், முழுக் கணக்கில் 10.82 பார். நகலெடுக்கும்போது அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்டால் பத்தில் ஒரு பங்கு தொலைந்து போகும்.

வெற்றிடத்தில் இது இன்னும் மோசம். '25 அங்குல வெற்றிடம்' என்றால் 25 அங்குல அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்று பொருள் அல்ல, 25 அங்குலத்தை உறிஞ்சி எடுத்துவிட்டோம் என்று பொருள். மிச்சம் 29.92இலிருந்து 25 போக 4.92 அங்குலம், 16.7 கிலோபாஸ்கல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதில் விழுந்திருக்கிறேன். ஓர் உலர்த்தும் கருவிக்குப் பழைய குறிப்பில் '700 மி.மீ. வெற்றிடம்' என்று இருந்தது. நான் 700 மில்லிமீட்டர் பாதரசம், 93.3 கிலோபாஸ்கல் என்று அழகாகக் கணக்குப் போட்டுப் புதிய கட்டுப்பாட்டுக் கருவியில் ஏற்றினேன். பம்பு ஓடத் தொடங்கிய சில விநாடியிலேயே 'அழுத்தம் வந்துவிட்டது' என்று நின்றுவிட்டது. பம்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அரை நாள் அதைக் கழற்றி மாட்டினோம். உண்மையில் வேண்டியது 760 கழித்தல் 700, அதாவது 60 மில்லிமீட்டர், 8 கிலோபாஸ்கல். பெருக்கலில் ஒரு தசமம்கூடத் தப்பில்லை.

உங்கள் பம்புக் கையேட்டில் '50 மைக்ரான்' என்று வருவதும் நீள அளவு இல்லை. பாதரசத்தின் மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.1333ஆல் பெருக்குங்கள், 6.7 பாஸ்கல். இது மட்டும் முழு வெற்றிடத்திலிருந்து அளந்தது. ஒரே கையேட்டில் அங்குல வெற்றிடம் மேலிருந்து கீழாகவும், மைக்ரான் கீழிருந்து மேலாகவும் ஓடும். படிக்கிறவன் பாடு.

எஃகுப் பக்கங்களில் '30 டன் எஃகு' என்பது சதுர அங்குலத்துக்கு 30 டன் தாங்கும் எஃகு. பிரிட்டிஷ் தாள் என்றால் டன்னுக்கு 2240 பவுண்டு, ஒரு டன் 15.44 மெகாபாஸ்கல், ஆக 463 மெகாபாஸ்கல். அமெரிக்கத் தாள் என்றால் 2000 பவுண்டு, 414 மெகாபாஸ்கல். அச்சிட்ட ஊரைப் பார்க்காமல் மாற்ற முடியாது. அதே கட்டில் பாலங்களின் மேல் காற்றழுத்தம் சதுர அடிக்கு 56 பவுண்டு என்று வரும் எண்ணும் எனக்குப் பரிச்சயம். 1879 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் ரயிலோடு விழுந்த பிறகு பரிந்துரைக்கப்பட்ட அளவு அது, ஃபோர்த் பாலத்தைக் கட்டியபோது அதையே வைத்துக் கணக்கிட்டார்கள். இன்றைய கணக்கில் 2.68 கிலோபாஸ்கல்.

'பார்' என்ற சொல்லையே கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஒலியியல் கட்டுரைகளில் ஒலிவாங்கியின் திறனை 'ஒரு பாருக்கு இத்தனை மில்லிவோல்ட்' என்று எழுதியிருப்பார்கள். அந்த பார் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டைன், 0.1 பாஸ்கல். இன்றைய பாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

மாற்றவே முடியாத அளவும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய துப்பாக்கித் தோட்டாப் பட்டியல்களில் 'செப்பு அலகு' என்று ஓர் அழுத்த அளவு வரும். தோட்டா வெடிக்கும்போது ஒரு சின்னச் செப்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து எழுதியது. எண் பி.எஸ்.ஐ. மாதிரியே இருக்கும், பலர் அப்படியே மாற்றிவிடுவார்கள். ஆனால் அமெரிக்கப் பட்டியலில் 223 ரெமிங்டன், 308 வின்செஸ்டர் இரண்டு தோட்டாவுக்கும் உச்ச வரம்பு 52,000 செப்பு அலகுதான். மின்னணு உணரியால் அளந்த வரம்போ முதலாவதற்கு 55,000 பி.எஸ்.ஐ., இரண்டாவதற்கு 62,000. ஒரே எண் இரண்டு வெவ்வேறு அழுத்தமாக மாறுகிறது என்றால் நடுவில் ஒரு பெருக்கு எண் இருக்க முடியாது. செப்பு நசுங்க நேரம் வேண்டும், அழுத்தமோ விநாடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் ஏறி இறங்கிவிடுகிறது. உச்சம் எவ்வளவு என்று செப்புக்குத் தெரியாது. இப்படிப்பட்ட எண்ணை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவதுதான் நேர்மை.

இதெல்லாம் பழைய காகிதத்தோடு முடிந்துபோன விவகாரமும் இல்லை. விமானத்தின் உயரமானியை உள்ளூர் அழுத்தத்துக்கு ஏற்பத் திருப்பி வைக்க வேண்டும். சில நாடுகளில் அதைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள், மற்ற நாடுகளில் ஹெக்டோபாஸ்கலில். கட்டுப்பாட்டு அறை '992' என்று சொல்கிறது. அங்குலத்திலேயே பழகிய விமானியின் காதில் அது 29.92 என்று விழுகிறது, ஏனென்றால் அவர் தினமும் கேட்கும் எண் அது. 29.92 அங்குலம் என்பது 1013 ஹெக்டோபாஸ்கல். வித்தியாசம் 21 ஹெக்டோபாஸ்கல், உயரத்தில் ஏறக்குறைய 600 அடி. விமானம் கீழே இருக்கும், உயரமானி மேலே இருப்பதாகக் காட்டும். விமானிகளுக்கு இதைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை செய்கிறார்கள்.

அட்டவணை போடும்போது இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். மூலத்தில் உள்ளதை, '27 அங். 11 கோ., 16 ரி.' என்று, எழுத்தாகவே ஒரு பத்தியில் வைத்துவிடுங்கள். மாற்றிய எண் இன்னொரு பத்தியில் வரட்டும். நாளைக்கு யாராவது வேறு திருத்தம் செய்ய விரும்பினால் முதல் பத்திதான் அவருக்கு வேண்டும். அடுத்தது, மூலத்தில் இல்லாத துல்லியத்தை நீங்கள் சேர்க்காதீர்கள். '100 பவுண்டு' என்று ஒரு ஃபோர்மன் டயலைப் பார்த்து எழுதியதை 689.4757 கிலோபாஸ்கல் என்று எழுதினால், அவர் பார்க்காத நாலு இலக்கத்தை அவர் தலையில் கட்டுகிறீர்கள். 690 போதும். பாதுகாப்பு வரம்பு என்றால் மட்டும் எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்குங்கள், 689 அல்லது 680.

கடைசியாக அந்தத் தனித்தாள். எண்கள் எல்லாம் 25.3, 25.5, 25.6 என்று இருக்கின்றன, கருவி கெட்டுப்போயிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். கெட்டிருக்க வேண்டியதில்லை. சுவீடனின் அங்குலம் என்றால் 25.5 என்பது 757 மில்லிமீட்டர், 1009 ஹெக்டோபாஸ்கல், கடலோரத்தில் எந்த நாளும் வரக்கூடிய எண். ஸ்டாக்ஹோமில் 1756இலிருந்தே பாரோமீட்டர் பார்த்துச் சுவீடன் அங்குலத்தில் எழுதி வந்திருக்கிறார்கள். ஆங்கில அங்குலம் என்றால் அதே 25.5 சுமார் 864 ஹெக்டோபாஸ்கல், கடல் மட்டத்திலிருந்து 1300 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள இடம். தாளின் மூலையில் ஊர்ப் பெயர் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். கடலோர ஊர் என்றால் 29.69ஆல் பெருக்குங்கள், மலையூர் என்றால் 25.4.